ஏழே முக்கால் ரயில்

ஐப்பசி 6, வியாழன்

விடிய மழை. தம்பி நீதிமன்றத்துக்குப் போடும் கறுப்புச் சட்டை இன்னும் ஈரம். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டேன். புகை மணக்கிறது என்று சொல்லுவான். சொல்லட்டும்.

இது அவன் வேலை செய்யும் கந்தோரில் கழித்துவிட்ட போன வருசத்து டயறி. கிழமைகள் எல்லாம் பிழை. நான் தமிழ் மாதம் போட்டு எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. ஆனாலும் எழுத்து உருண்டை என்று அவனே சொன்னான்.

தம்பி என்றால் பேரன் பாலசிங்கம். வழக்குப் பேசும் புரொக்டராகச் சத்தியம் செய்து ஏழு மாதம். நீதிமன்றம் இருக்கும் புதுக்கடையில் பெரிய புரொக்டர் ஒருவருக்குக் கீழே வேலை பழகுகிறான். (இனிப் பெ.பு. என்றே எழுதுவேன், கை நோகிறது.) நான் நினைத்திருந்தது, அவன் எழும்பி நிற்பான், வெள்ளைக்கார நீதவான் பேனையை வைத்துவிட்டுக் கேட்பார் என்று. அவன் செய்வது:

பெ.பு.வின் பை தூக்குவது.
மழையில் குடை பிடிப்பது.
காணி உறுதிப் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்து எழுதுவது. விரலில் மை போகவே இல்லை.
வழக்கு எத்தனையாவது என்று கிளாக்கரிடம் கேட்டு வருவது.
பெ.பு.வின் மூக்குக்கண்ணாடி தேடுவது.

ஏழு மாதத்தில் நீதிமன்றத்தில் ஒரு சொல் கதைக்கவில்லை.

முன் வீட்டுக் கனகம்மா மதிலுக்கு மேலால் கேட்டாள். "என்ன மாமி, உங்கட புரொக்டர் இன்னும் வாய் திறக்கேல்லையே?"

"பெரிய வழக்குக்கு எண்டு வைச்சிருக்கினம்" என்றேன். பொய்தான்.

ஐப்பசி 8, சனி

கூப்பன் அரிசி. பாதி கல். புடைத்து முடிய இடுப்பு விட்டுப்போனது.

தம்பி மத்தியானமே வந்தான். செருப்புக் கழற்ற முன்னமே சொன்னான். திங்கட்கிழமை பெ.பு. நீர்கொழும்புக்குப் போகிறார். கொட்டாஞ்சேனை வீட்டு வழக்கு ஒன்றைத் தம்பி பார்க்க வேண்டும். தனியே.

கட்சிக்காரி பெயர் மதலேனாள். புருசன் இல்லாதவள், மூன்று பெண்பிள்ளைகள். புருசனின் தமையன் வீடு தன்னுடையது, எழும்பு என்கிறானாம். உறுதியின் பிரதி இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே தம்பி எழும்பி நின்று வேறு தவணை, அதாவது இன்னொரு நாள், கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

"என்ன சொல்லிக் கேப்பாய்?" என்றேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று இங்கிலீசில் சொல்லிக் காட்டினான். ஒரு வசனம். மூன்று தரம் சொன்னான். ஒன்றும் விளங்கவில்லை. நாலாம் தரமும் சொல்லச் சொன்னேன்.

கனகம்மாவுக்குச் சொன்னேன். பால்காரிக்குச் சொன்னேன். மகனுக்குக் கடிதம் போட்டேன். மகன், தம்பியின் தகப்பன், நாவலப்பிட்டியில் ஸ்டேசன் மாஸ்டர்.

ஐப்பசி 10, திங்கள்

மழை விட்டிருந்தது. அதையும் நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

ஏழு மணிக்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். திங்கள், ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். தெரிந்ததுதான், சந்தோசத்தில் மறந்துபோனேன். அவன் ஏழே முக்கால் ரயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான்.

"ஒன்பதுக்குப் போ தம்பி."

"பத்துக்குக் கோடு தொடங்கும் ஆச்சி."

"உன்ரை வழக்கு எத்தனையாவது?"

"பதினாலாவது."

"பதினாலு வர மத்தியானம் ஆகும். முதல்முதல் வாய் திறக்கப் போறாய். கொப்பரை ரயில்வே வேலைக்கு அனுப்பேக்கையும் நான்தான் நேரம் பாத்தனான்."

சிரித்தான். சட்டை எங்கே என்று தேடினான். சட்டையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். திறப்பு என் இடுப்பில். "ஆச்சி, விளையாடாதேங்கோ" என்றான். பிறகு அவனும் கதிரையில் இருந்துவிட்டான். பதினாலாவது வழக்குத்தானே.

ஏழே முக்கால் ரயில் கூவிக்கொண்டு போனது. சரியான நேரத்துக்குப் போனது. இரண்டு பேரும் கேட்டோம்.

ஒன்பது அடிக்கத் திறந்து கொடுத்தேன். திருநீறு பூசிவிட்டேன். கனகம்மா படலையில் நின்று அவன் போவதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மணிக்கு வந்தான். சோறு வேண்டாம் என்றான்.

நீதவானுக்கு இன்று வேறு எங்கோ அவசரமாம். தவணை கேட்கும் சின்ன வழக்குகளை முதலில் கூப்பிட்டுவிட்டார். தம்பி படியேற முன்னம் எல்லாம் முடிந்தது. எங்கள் பக்கம் ஆள் இல்லை என்று மற்றப் பக்கத்துக்கே தீர்ப்பு. ஒரு மாதத்துக்குள் வீட்டை விட வேண்டும். மதலேனாள் தம்பியைப் பார்த்துக்கொண்டு வெளிவாசலில் நின்றவள். பெயர் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை.

"அவ என்ன சொன்னவ?"

"அடுத்த தவணை எப்ப தம்பி எண்டு கேட்டா. அவவுக்கு விளங்கேல்லை ஆச்சி. நான்தான் விளங்கப்படுத்தினன்."

திறப்பை இடுப்பிலிருந்து அவிழ்த்துப் பஞ்சாங்கத்துக்கு மேல் வைத்தேன். பிறகு அங்கிருந்தும் எடுத்தேன்.

ஐப்பசி 11, செவ்வாய்

திரும்ப மழை. கருவாட்டுக் குழம்பு. அவன் தொடவில்லை.

பெ.பு. ஏசவில்லையாம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கேட்டாராம், "ஏன் பிந்தினீர்?" தம்பி என்னைச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு தடங்கல் என்றானாம்.

ஒரு வழி இருக்கிறது. பிந்தியதற்கு நியாயமான காரணத்தை எழுதி, சத்தியம் செய்து, கையெழுத்து வைத்துக் கொடுத்தால் நீதவான் வழக்கைத் திரும்ப எடுப்பார். அதற்குச் சத்தியக்கடதாசி என்று பெயர். தம்பிதான் எழுத வேண்டும். என்ன காரணம் எழுதுவது?

கனகம்மா: "என்ன மாமி, நேற்று வெளுத்து வாங்கினவரோ?"

"ஓம்" என்றேன்.

ஐப்பசி 12, புதன்

தம்பியோடு நானும் புதுக்கடைக்குப் போனேன். வேண்டாம் என்றான். நீலச் சேலை. பஞ்சாங்கத்தைக் கையில் கொண்டுபோனேன், சாட்சிக்கு.

பெ.பு.வின் கந்தோர் மேல்மாடி. படி செங்குத்து. சுவர் முழுக்கச் சிவப்பு நாடா கட்டிய கடதாசிக் கட்டு. தம்பியின் மேசை எது என்று பார்த்தேன். மேசை இல்லை. ஜன்னல் குந்தில் வைத்து எழுதுகிறான். காற்றாடி போட்ட அறை என்று நான் கனகம்மாவுக்குச் சொல்லியிருந்தேன்.

"ஐயா, தம்பியில பிழை இல்லை. திறப்பு என்னட்டை இருந்தது. அப்பிடியே எழுதுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன். எனக்கு எழுத வரும்."

பெ.பு. பஞ்சாங்கத்தை வாங்கி ஒரு பக்கம் புரட்டினார். மரியாதையாகத்தான் திருப்பித் தந்தார்.

"ஆச்சி, ராகுகாலம் எண்டு எழுதினா நீதவான் சிரிப்பார். சிரிச்சுப்போட்டு முடியாதெண்டுவார். அந்தப் பொம்பிளை மூண்டு பெட்டையளோட றோட்டில நிப்பா." பிறகு தம்பியிடம், "ரயில் கோச்சி பிந்தினது எண்டு எழுதும். வெள்ளவத்தைக் கோச்சி பிந்திறது நாட்டுக்கே தெரியும்."

"அண்டைக்குப் பிந்தேல்லை சேர். ஏழே முக்கால் கோச்சி நேரத்துக்குத்தான் போனது."

"அதை நான் உம்மட்டைக் கேக்கேல்லை."

தகப்பன் ரயில்வேயில் உழைத்துப் படிப்பித்த பிள்ளை. அந்த ரயிலிலேயே பழி போடுவதோ என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லி என்ன செய்ய, மூன்று பெண்பிள்ளைகள். படி இறங்கும்போது தம்பி கையைப் பிடித்துக்கொண்டான். முழங்கால் வலி.

ஐப்பசி 13, வியாழன்

எழுதிக் கொடுத்துவிட்டான். சத்தியமும் செய்தாயிற்று.

வாசித்துப் பார்த்துப் பெ.பு. "நல்லா எழுதியிருக்கிறீர்" என்றாராம். ஏழு மாதத்தில் முதல் தரம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

தேங்காய் இரண்டு அழுகல். கடைக்காரனிடம் மாற்ற வேண்டும்.

ஐப்பசி 17, திங்கள்

ஏழே முக்கால் ரயிலுக்குப் போனான். அலுமாரி திறந்தே கிடந்தது. நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

நீதவான் ஏற்றுக்கொண்டார். வழக்கு திரும்ப நடக்கும். கார்த்திகையில் தவணை, அதுவும் திங்கட்கிழமை. இப்போதைக்கு மதலேனாளை வீட்டை விட்டு எழுப்ப முடியாது.

"நீ கதைச்சனியோ?" என்றேன்.

"ஓம். எழும்பச் சொன்னவர். எழும்பிச் சொன்னனான்."

"கண்ணாடிக்கு முன்னால சொன்னதோ?"

"இல்லை ஆச்சி. கோச்சி பிந்திப்போச்சுது எண்டு."

அதுதான் அவன் அங்கே கதைத்த முதல் வசனம். நான் நேரம் பார்த்துக் கொடுத்தது.

ஐப்பசி 20, வியாழன்

தம்பிக்கு மேசை கிடைத்திருக்கிறது. பிந்தினவர்கள், வராதவர்கள் எல்லாருக்கும் சத்தியக்கடதாசி எழுதுவது இனி அவன் வேலை. இன்று மூன்று. ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவர் வீட்டில் செத்த வீடு. ஒருவருக்கு ஆறு பெருகிப் பாதை மூடியது.

"உண்மையோ?"

"கட்சிக்காரர் சொல்லுறதைத்தானே எழுதிறது."

என்னோடு கதைப்பது குறைந்துவிட்டது. சாப்பிடுகிறான். மேசை வந்ததைக் கனகம்மாவுக்குச் சொல்லவில்லை.

மகனின் கடிதம். பிள்ளை கோட்டில் கதைத்தது கேட்டுச் சந்தோசமாம். ஸ்டேசனில் எல்லாருக்கும் சொன்னானாம். என்ன கதைத்தான் என்று எழுதட்டாம்.

சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. கறுப்பு நூல் முடிந்துபோயிற்று.

ஐப்பசி 23, ஞாயிறு

வெயில். மிளகாய் காயப்போட்டேன். பதினொரு மணி போலக் கதவில் தட்டுச் சத்தம். மெல்லிய பொம்பிளை, கையில் துணியில் கட்டிய கேக்.

"நான் கொட்டாஞ்சேனை மதலேனாள், ஆச்சி. மாதா கோயில் பூசை முடிஞ்சு நேரா வாறேன்."

உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தேன். தம்பி மற்றப் பக்கம் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். எழும்பிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பப் பேப்பருக்குள் போய்விட்டான்.

"தம்பி இல்லாட்டி நாங்க நடுத்தெருவுல. அந்தக் கோச்சியத்தான் ஒரு கிழமையா சபிச்சேன்" என்றாள். கேக்கை அவிழ்த்து வைத்தாள். முட்டை தேடி அலைந்து செய்தாளாம். இந்தக் கூப்பன் காலத்தில்.

போக எழும்பியவள் திரும்ப இருந்தாள். "நாங்க வேதக்காரங்க. நேரம் பாக்கக் கூடாதுன்னு சுவாமியார் ஏசுவார். இருந்தாலும் ஆச்சி, அந்தத் தவணைத் திங்கக்கிழமைக்கு ஒரு நல்ல நேரம் பாத்துச் சொல்லுங்களேன்."

"எட்டு மணிக்கு வெளிக்கிடு" என்றேன்.

"அது ராகுகாலம்னு எங்க தெருவுல சொல்லுவாங்களே."

"ஓம்."

"அன்னிக்கும் கோச்சி பிந்திட்டா, ஆச்சி?"

பேப்பர் அசையவில்லை. பக்கமும் திரும்பவில்லை.

"நீ வாசலில நிண்ட அண்டைக்கும் பிந்தேல்லைப் பிள்ளை. அவன்ரை சட்டையை நான்தான் பூட்டி வைச்சனான்."

அவள் என்னைப் பார்த்தாள். பேப்பரைப் பார்த்தாள். கேக் கட்டி வந்த துணியை எடுத்து மடியில் விரித்தாள். நாலாக மடித்தாள். பிறகு எட்டாக.