ஏசிக்கு கேஸ் அடைத்த வாரம்

சித்திரை 24, புதன்

காலையிலேயே அனல். பவுனுக்கு விசிறி வீசிக் கை ஓய்ந்தது. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இனி வைத்தியம் இல்லை, வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்றார். அவளிடம் சொல்லவில்லை. அத்தையிடமும் சொல்லவில்லை. பெற்றவளிடம் எப்படிச் சொல்ல.

“ஏங்க, நம்ம கார்ல அந்த ஏசியப் போட்டுக் கூட்டிட்டுப் போவீகளா?” என்றாள் பவுனு.

தையில் வாங்கிய பழைய அம்பாசிடர். ஏசி வைத்த வண்டி என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஒரு நாள்கூடக் குளிர்ந்ததில்லை.

வாங்க: ஹார்லிக்ஸ், ரப்பர் ஷீட், பெட்ரோல்.

வியாழன்

செல்லூர் போனேன். காசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். “எங்க சந்துக்குள்ள கார் நுழையாதுண்ணே. நானே சாமானோட பரவைக்கு, ஒங்க வீட்டுக்கே வாரேன்.” வந்தான். குழாய் முழுக்க சோப்பு நுரை தடவினான். ஒரு முனையில் குமிழி, கேஸ் கசிவது அங்கேதான். வாஷர் மாற்றினான். குழாய்க் காற்றை உறிஞ்சும் மோட்டாரைப் போடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. கொசு.

வெள்ளி

மதியம்தான் கரண்ட். மோட்டார் ஓடி முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. காசி சிலிண்டரை மாட்டி கேஸ் விட்டான். சில்லென்று வந்தது. நான்தான் சும்மா இராமல் “இன்னுங் கொஞ்சம் விடு காசி” என்றேன். கூடிப்போய்விட்டது. வெக்கைக் காற்று, பெல்ட் கிறீச்சென்றது.

“உப்பு மாதிரிண்ணே, கூடினா ஆகாது. கொஞ்சம் வெளிய விடணும்.”

அத்தை அப்போதுதான் விளக்கேற்றியிருந்தார். “வெள்ளிக்கெழம வெளக்கு வச்ச பெறகு உப்பே குடுக்க மாட்டோம். காசு குடுத்து வாங்குனத வெளிய விடுவாகளா? எம்மக பொழச்சு வரணும்ப்பா.”

காசி என்னைப் பார்த்தான். காலையில் வரச் சொல்லிவிட்டேன். பவுனிடம் இன்று ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். ஒரு நாள்தானே.

சனி

விடிந்ததும் காசி வந்தான். உஸ்ஸென்று கொஞ்ச நேரம். அவ்வளவுதான். கை வைத்தால் ஐஸ்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அம்மா பிடித்துக்கொண்டார். “நேத்து தல சீவி, பூ வச்சு, வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சே. எங்கய்யா போனீக?” பூ இன்னும் தலையில் இருந்தது, வாடி. பவுனுக்குக் கண் பாதிதான் திறந்தது.

பின் சீட்டில் அத்தை மடியில் படுக்க வைத்தோம். ஆரப்பாளையம் தாண்டும்போது “குளுருதுங்க” என்றாள். எனக்கு அம்புட்டு சந்தோஷம். தெருவில் சொன்னதைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளிடமே சொன்னேன். கொஞ்சம் குறைத்து வைத்தேன்.

விளாங்குடியில் மறுபடியும் குளிருது என்றாள். ஏசியை அமர்த்திவிட்டுக் கண்ணாடிகளை இறக்கினேன். அனல் முகத்தில் அடித்தது. அத்தைக்கும் எனக்கும் வேர்த்து ஊற்றியது.

பரவை மார்க்கெட் பக்கம் லாரி மறித்து வண்டி நின்றது. அங்கே மூன்றாவது தடவை சொன்னாள், குளிருது என்று.