மார்த்தா பார்த்த நிலவறை

சேசு மரி சூசை துணை

கீரி,
1917ம் ஆண்டு ஐப்பசி மாதம்.

என்ர அன்பு மகன் வஸ்தியானுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில கொப்பரும் நானும் தங்கச்சி மார்த்தாவும் நல்ல சுகம். கடல் கடந்து கிளாங்கில இருக்கிற உனக்கும் காய்ச்சல், தலையிடி ஒண்டும் அண்டக்கூடாதெண்டு செபமாலை முடிய உனக்கெண்டு தனியா ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லித்தான் படுக்கிறனான். உன்ர கடிதம் வந்து கன நாளாச்சு, பதில் பிந்தினதுக்கு என்னில கோவிக்காதை ராசா. மார்த்தாவுக்குப் பேசிவந்த இடத்தைப் பற்றி நீ எழுதினதைக் கொப்பர் வாசிச்சிட்டு மடிச்சு அலுமாரிக்குள்ள வைச்சிட்டார். சாராயக்காரன் வீட்டுக்கோ என்ர தங்கச்சியை அனுப்பப்போறியள், இஞ்ச றெயில்வேக் கந்தோரில எனக்குத் தெரிஞ்ச நல்ல பெடியன் ஒருத்தன் இருக்கிறான் எண்டு எழுதியிருந்தாய். மார்த்தா அதை எடுத்து வாசிச்சாள். வாசிச்சுப்போட்டு, இப்ப அண்ணைக்கு ஒண்டும் எழுதாதேங்கோ அம்மா, முதல் போய்ப் பாப்பம், பாத்திட்டு எழுதுவம் எண்டாள். போய்ப் பாத்தும் வந்தாச்சு, அதைத்தான் இப்ப எழுதுறன், ஆறுதலா இருந்து வாசி. நடுவில ஒரு இடத்தில உனக்கு நெஞ்சு திக்கெண்டும், பயப்படாதை, இதை எழுதேக்க கொப்பர் முற்றத்தில இருந்து கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு ஆட்டை ஏசிக்கொண்டிருக்கிறார்.

மார்த்தாவைக் கேட்ட யாகப்பர் குடும்பம் நீ போன பிறகுதான் எங்களுக்குப் பழக்கம், அதால அவை ஆரெண்டு உனக்குத் தெரிய நியாயமில்லை. சிலாவத்துறைக்கு அங்கால செம்மண் மேட்டில ஒல்லாந்தர் கட்டின பழைய கல்வீடு ஒண்டு இருக்கு, அதிலதான் யாகப்பரும் அவரின்ர ஒரே மகன் கயித்தானும் இருக்கினம், யாகப்பற்றை மனுசி செத்துப்போச்சு. முந்தியொரு பிரெஞ்சுச் சுவாமியார் அந்த வளவில, புத்தகத்தில திராட்சையெண்டு போடுற முந்திரிகைக் கொடி நட்டு, பூசைக்கு முந்திரிகை இரசம் வடிக்கிற விதத்தை யாகப்பற்றை தகப்பனுக்குப் பழக்கிவிட்டவராம். அண்டையில இருந்து அந்த வீட்டுக்கு அதுதான் தொழில். கடையில விக்கிறதில்லை மகன், கோயிலுகளுக்கு மட்டுந்தான் போகும். இப்ப சண்டையால சீமைக் கப்பல் ஒழுங்கா வாறதில்லை, பிரான்சு தேசத்து இரசமும் வாறதில்லை. எங்கட பங்குச் சுவாமியார் இருந்த போத்திலைப் பொத்திப் பொத்தி வைச்சு, கிழமைநாள் பூசையை நிப்பாட்டி ஞாயிற்றுக்கிழமையில மட்டும் வைச்சுக்கொண்டு வந்தவர். கடைசியில மேற்றிராணியாரிட்டக் கேட்டு, யாகப்பற்றை இரசத்தை எடுக்கலாமெண்டு உத்தரவு வந்துது. சிங்கராசா, உன்ர வள்ளத்தில போய் ஒரு சாடி ஏத்திக்கொண்டு வா எண்டு சுவாமியார் கொப்பரைக் கேட்டார். கயித்தானுக்கு மார்த்தாவைக் கேட்டதும் இதே பங்குச் சுவாமியார் மூலமாத்தான் எண்டபடியால், ஒரு போக்கில ரெண்டு அலுவலெண்டு கொப்பர் வெளிக்கிட்டார். மார்த்தா தானும் வாறனெண்டு நிண்டாள். பொம்பிளை போய் மாப்பிளை வீட்டைப் பாக்கிறதோ, ஊர் என்ன சொல்லுமெண்டு நான் கேட்டன். அங்க போய் இருக்கப்போறவள் நான், ஊர் வந்து எனக்கு உலை வைச்சுத் தரப்போகுதோ எண்டாள். அவளோட கதைச்சு ஆர் வெல்லுறது. பூசைச் சாமான் எடுக்கப் போறமெண்டு அயலில சொல்லிப்போட்டு நானும் கூடவே வெளிக்கிட்டன்.

சோளகக் காத்து அடங்கின நேரமெண்டபடியால் கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. சிலாவத்துறையில கொப்பற்றை கூட்டாளி தாவூது கரையில நிண்டார், முத்துக்குளிப்புக் காலத்தில ரெண்டு பேரும் ஒரு தோணியில போன ஆக்கள், உனக்கு ஞாபகமிருக்கும். அவரின்ர மனுசி ஹவ்வா உம்மா எங்களைச் சும்மா விடேல்லை, இறால் ஆணமும் இடியப்பமும் தந்துதான் அனுப்பினது. மார்த்தாவின்ர நாடியைத் தடவி, இந்தப் புள்ளையைக் குடுக்கிற இடத்தை நல்லாப் பாத்துக் குடு மதலேனா எண்டு எனக்குச் சொன்னது. தாவூது தன்ர மாட்டுவண்டிலைப் பூட்டித் தானே எங்களைக் கொண்டுபோனார். யாகப்பர் வீட்டு வாசலில, இரசம் வைச்ச இடத்துக்கு நான் வரேல்லை, நான் கொடிப் பந்தலுக்குக் கீழ இருக்கிறன், பழமெண்டால் எவ்வளவும் தின்னுவன் எண்டு சிரிச்சார். யாகப்பர் உடன ஒரு கதிரையைக் கொண்டந்து போட்டு, வாழையிலையில கருநீலப் பழக்குலையளை நிறைய வைச்சுக் குடுத்தார்.

அந்தப் பந்தலை நீ பாக்கவேணும் மகன். வெளியில வெய்யில் நெருப்பாக் காயுது, உள்ளுக்குப் போனால் இலையெல்லாம் மேல மூடிக் குளிர்ந்து கிடக்கு. எங்கட மன்னார் மண்ணில இப்பிடியொண்டு நிக்குமெண்டு நான் கண்ணால காணாமல் நம்பியிருக்கமாட்டன். கயித்தான் துலாவில தண்ணி இறைச்சுக்கொண்டு நிண்டவர், எங்களைக் கண்டதும் கால் கழுவிக்கொண்டு ஓடிவந்து கும்பிட்டார். கறுப்புத்தான், உயரம், பேச்சுக் குறைவு, கையெல்லாம் பழச்சாற்றுக் கறை. எங்களை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குப் பின்னால ஒரு சின்னக் கதவு, திறந்தால் கல்லுப் படி கீழ இறங்குது. மேல் அறையில சீனச் சாடியளும் பீப்பாக்களும் வரிசையா மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சு இருக்கு, கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி ஒரு குளிர்த்தி. கயித்தான் ஒரு சிரட்டையில கொஞ்சம் எடுத்து வாயில விட்டுப்போட்டு மூலையில துப்பினார். மார்த்தா என்ர முகத்தையும் பாக்கேல்லை, கொப்பற்றை முகத்தையும் பாக்கேல்லை, நேரா அவரைப் பாத்து, நீங்கள் குடிப்பியளோ எண்டு கேட்டுப்போட்டாள். எனக்கு நிலம் பிளக்காதோ எண்டிருந்தது. அவர், வாயில விட்டதைத் துப்பாமல் இந்த வேலை செய்யேலாது, ஆனா நத்தாருக்கும் உயிர்த்த திருநாளுக்கும் ஒரு கிளாசு குடிக்கிறனான், இல்லையெண்டு சொன்னால் அது பொய் எண்டார். மார்த்தா தலையை ஆட்டினாள்.

அந்த அறைக்குக் கீழ இன்னொரு அறை இருக்கு, அதுக்கும் கதவும் படியும். புதுசாப் பிழிஞ்ச சாறு அங்க கல்லுத் தொட்டியில கிடந்து நுரைக்குது, வாசலில நிண்டாலே சத்தம் கேக்கும், சோறு கொதிக்கிற மாதிரி. கயித்தான் மெழுகுதிரியைத் தடியில கட்டிப் படிக்குக் கீழ பிடிச்சுக் காட்டினார், சுவாலை சின்னனாகிச் சின்னனாகி அணைஞ்சு போச்சு. சாறு நுரைக்கேக்க ஒரு ஆவி வாறது, கண்ணுக்குத் தெரியாது, தண்ணி மாதிரி நிலத்தோட நிக்கும், அதுக்குள்ள திரியும் எரியாது மனுசனும் நிக்கேலாது, நுரை அடங்குமட்டும் ஒருத்தரும் இறங்கிறதில்லை எண்டு சொன்னார். கொப்பர் என்ன செய்தவர் தெரியுமோ, மீசையைத் தடவிக்கொண்டு, தம்பி, நான் கடலுக்கடியில முத்துப் பாரில மூச்சடக்கிச் சிப்பி அள்ளினவன் எண்டார். அந்த நேரம் மேல யாகப்பர் சாப்பிட வாங்கோ எண்டு கூப்பிட்டார், நாங்கள் ஏறி வந்திட்டம். கொப்பரும் பின்னால வாறாரெண்டுதான் நினைச்சனான். சாப்பிடக் கை கழுவத் தண்ணி வாக்கேக்கதான் மார்த்தா, அப்பா எங்கை எண்டு கேட்டாள்.

கேட்ட கையோட ஓடினாள். நாங்களும் பின்னால ஓடினம். கீழறைக் கதவு திறந்து கிடக்கு, படியில மெழுகுதிரித் தடி அணைஞ்சு விழுந்து கிடக்கு, படிக்கு அடியில கொப்பற்றை கால் ரெண்டும் தெரியுது, அசையேல்லை. மார்த்தா இறங்கக் காலை வைச்சிட்டாள். கயித்தான் அவளின்ர கையைப் பிடிச்சு ஒரே இழுவையா இழுத்து, நீங்களும் இறங்கினால் நான் ரெண்டு பேரைத் தூக்கவேணும், மேல நிண்டு கயிறைப் பிடியுங்கோ எண்டு கத்தினார். சத்தம் கேட்டுத் தாவூது வண்டில் கயிறோட ஓடிவந்தார். இரசம் வைச்ச இடத்துக்கு வரேல்லையெண்டு சொன்ன மனுசன், அந்த நேரம் வாசலெண்டும் பாக்கேல்லை வரம்பெண்டும் பாக்கேல்லை. கயித்தான் இடுப்பில கயிறைச் சுத்தி முடிஞ்சார், மார்த்தா அந்த முடிச்சைக் கண்டிட்டு, இது நிக்காது எண்டு தட்டி அவிட்டு, நங்கூரத்துக்குப் போடுற முடிச்சாப் போட்டுவிட்டாள். அவர் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு இறங்கினார். நான் சேசுவே சேசுவே எண்டு குழறுறன், பக்கத்தில தாவூது யா அல்லாஹ் எண்டு கூப்பிடுறார், மார்த்தா கயிறை மட்டும் விரலால உணர்ந்துகொண்டு நிக்கிறாள். பிறகு, இழுங்கோ எண்டு அவள்தான் சொன்னாள். கயித்தான் கொப்பரைக் கக்கத்தில பிடிச்சுக்கொண்டு பாதிப் படிக்கு வந்திட்டார், அதில அவருக்கும் முழங்கால் மடிஞ்சுபோச்சு. தாவூதும் மார்த்தாவும் யாகப்பருமாச் சேர்ந்து ரெண்டு பேரையும் ஒரு வலையை இழுக்கிற மாதிரி இழுத்து வெளியில போட்டினம்.

பந்தலுக்குக் கீழ கிடத்தி விசிறினம், முகத்தில தண்ணி அடிச்சம். கொப்பற்றை உதடு நீலமாக் கிடந்தது மகன், அந்த நேரம் நான் உன்னை நினைச்சன், கடலுக்கு அங்கால இருக்கிற பிள்ளைக்கு என்னெண்டு எழுதப்போறனெண்டு. மாதா கைவிடேல்லை. ஒரு இருமல் வந்துது, பேந்து ஒரு பெருமூச்சு, கண்ணை முழிச்சு எங்களையெல்லாம் பாத்திட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, மெழுகுதிரி அணைஞ்சு போச்சு. தாவூது அழுதுகொண்டே சிரிச்சார். மார்த்தா பேசின பேச்சை இதில எழுதேலாது, கொப்பர் இண்டைக்கும் அவளுக்கு முன்னால அடக்கமாத்தான் இருக்கிறார். யாகப்பர் மகனில பாய்ஞ்சார், கதவைப் பூட்டாமல் ஏன்ரா வந்தனியெண்டு. கயித்தான் ஒரு சாட்டும் சொல்லேல்லை, ஓமப்பா, பூட்டாமல் வந்தது என்ர பிழைதான் எண்டார். கொப்பர் படுத்தபடியே, இல்லை, சொல்லுக் கேளாமல் இறங்கினது நான் எண்டார். பிழை எனக்குத்தான் எனக்குத்தானெண்டு ஆம்பிளையள் இழுபறிப்பட்டதை நான் அண்டைக்குத்தான் கண்டன்.

மற்றநாள் சாடியைச் சாக்குச் சுத்தி வள்ளத்தில ஏத்திக்கொண்டு வந்தம். நடுக்கடலில கொப்பர் பயந்து பயந்து மார்த்தாவைக் கேட்டார், பிள்ளை, உனக்கு அந்த இடம் வேண்டாமெண்டால் சொல்லு, சுவாமியாருக்கு நான் சொல்லுறன் எண்டு. அவள் கடலைப் பாத்துக்கொண்டு, எனக்குச் சம்மதம், ஆனா கீழறைக் கதவுப் பூட்டின்ர திறப்பு என்ர கையில இருக்கவேணும் எண்டாள். அதைச் சுவாமியார் மூலமாச் சொல்லியனுப்பினம். அடுத்த கிழமை யாகப்பர் ஒரு கூடை பழமும், அதுக்கு மேல திறப்போட ஒரு புதுப் பூட்டும் அனுப்பியிருந்தார். இப்ப கிழமைநாளிலயும் பூசை நடக்குது, போன வெள்ளிக்கிழமை கொம்மம்மாவின்ர ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்குடுத்தம்.

மகன், நீ சொன்ன றெயில்வேப் பெடியனும் நல்லவனாத்தான் இருப்பான், நான் குறை சொல்லேல்லை, தங்கச்சியைப் பக்கத்தில வைச்சிருக்க உனக்கிருக்கிற ஆசையும் எனக்கு விளங்குது. ஆனா என்ர மனுசனுக்காக ஒரு பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினதை நான் இந்தக் கண்ணால கண்டிட்டன், இனி என்னால வேற இடம் நினைக்கேலாது. மூண்டு இராசாக்கள் திருநாள் கழியக் கலியாணத்தை வைப்பமெண்டு கதைச்சிருக்கு. சண்டை முடியாமல் நீ கப்பல் ஏறாதை, கடலில என்ன நடக்குதெண்டு ஆருக்குத் தெரியும். வராட்டிலும் மார்த்தாவுக்கெண்டு தனியா உன்ர கையால ரெண்டு வரி எழுது, எங்களுக்கு எழுதுற கடிதத்துக்குள்ள ஒரு ஓரத்தில விசாரிச்சு விடாதை. மழையில நனைஞ்சால் தலையை உடன துவட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதை, கடைச் சாப்பாட்டைக் குறை, படம் பிடிக்கிற கடைக்குப் போய் உன்ர படமொண்டு எடுத்து அனுப்பு, மெலிஞ்சிருக்கிறியோ எண்டு பாக்கவேணும். தாவூதும் ஹவ்வா உம்மாவும் உன்னைச் சுகம் விசாரிக்கச் சொன்னவை.

இவ்வளவும் எழுதி முடிய மார்த்தாவுக்கு வாசிச்சுக் காட்டினன். உனக்கு ஏதும் சொல்ல இருக்கோவெண்டு கேட்டன். அண்ணை வந்து பாத்தபிறகுதான் சம்மதிக்கவேணுமெண்டில்லை, நான் பாத்திட்டன், அண்ணை சந்தோசப்பட்டால் அதுவே எனக்குப் போதும், அப்பிடி எழுதுங்கோ எண்டாள். எழுதிப்போட்டன் ராசா.

சேசுவின் இருதயமும் மருதமடு மாதாவும் உன்னை இரவும் பகலும் காக்க. கொப்பற்றை ஆசீர்வாதமும் என்ர முத்தமும்.

இப்படிக்கு
உன்னை நினைச்சபடி இருக்கும் அம்மா
சி. மதலேனா