அடிவாரத்துக்காரன் ஏறிய மலை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம், என் இரண்டு முழங்கையிலும் தோல் உரிந்திருக்கிறது, அவள் வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குட்டிக்குச் சளி விட்டதா என்று எழுது. முழங்காலைப் பற்றிப் படித்ததுமே நீ போனைத் தேடுவாய் என்று தெரியும், தேடாதே. போனில் சொன்னால் முதல் வரியிலேயே கத்த ஆரம்பிப்பாய், நானும் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நழுவிவிடுவேன், கடிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது பார். ஆமாம், அந்தக் கடைசி மலைக்குப் போய்விட்டு வந்தோம். வந்தோம் என்றால் நானும்தான். அம்மாவை எப்படியாவது நிறுத்துங்கப்பா என்று போன மாதம் நீ அழுதாய், நானும் சரி என்று வாக்குக் கொடுத்தேன், அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் மலையேறினேன். சிரிக்காமல் முழுக்கப் படி.

உனக்குத் தெரிந்த கதைதான், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் சொல்கிறேன். இந்தப் பக்கத்து மலைகளில் உயரமான நாற்பதைப் பொறுக்கி வைத்திருக்கிறது உன் அம்மாவின் மலையேறும் சங்கம், நாற்பதின் உச்சியையும் தொட்டால்தான் அங்கே முழு ஆள் என்று மதிப்பார்கள். ரொட்டிக்கடை அடுப்பின் முன்னால் நின்றே ஆயுளைக் கழித்தவளுக்கு லீவு நாளிலாவது காலை நீட்டிப் படுக்கத் தோன்ற வேண்டாமா, தோன்றாது, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதில் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வழி ஒரு மதில் மேல் நடப்பது போலக் குறுகிவிடும், இரண்டு பக்கமும் பாதாளம். இரண்டு தடவை போய் மழையால் திரும்பி வந்தாள், அதற்குள் மூட்டு தேய்ந்துவிட்டது. எலும்பு டாக்டர் மூட்டை மாற்றியே ஆக வேண்டும், அப்புறம் மலைப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். அப்போ மலைய முடிச்சிட்டே வந்து படுத்துக்கறேன் டாக்டர் என்று சொல்லிவிட்டு எழுந்தாள் உன் அம்மா. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

என் லட்சணம் உனக்குத் தெரியும். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும், என் மூக்குக்கண்ணாடிக் கடையில் மேல் தட்டில் இருக்கும் பிரேமை எடுக்க, கண் டெஸ்ட்டுக்கு வந்தவரையே ஏறச் சொல்பவன் நான். ஒவ்வொரு மலைக்கும் அவளைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பிளாஸ்க்கும் ரேடியோவுமாகக் கீழேயே காத்திருப்பேன். எந்த மலையடியில் டீ வாயில் வைக்க முடியும், எங்கே கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், சங்கத்தில் எனக்குப் பெயரே அடிவாரம்தான். இந்த அடிவாரம் ஒரு திட்டம் போட்டது. இந்தத் தடவை நானும் வருகிறேன் என்று கூடவே போவது, குறுகலான இடம் வந்ததும் என்னால் முடியாது என்று உட்கார்ந்துவிடுவது. என்னை அங்கே தனியாக விட்டுவிட்டு அவள் ஓர் அடி நகரமாட்டாள், இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள், அவள் காலும் பிழைக்கும், உன்னிடம் எனக்கு நல்ல பேரும் கிடைக்கும். நானும் வருகிறேன் என்றதும் அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அடுத்த நாளே எனக்கு பூட்ஸ் வாங்கி வந்துவிட்டாள்.

விடிந்ததும் கிளம்பினோம். கூட வந்தவர்கள் இரண்டே பேர், சங்கத்தின் வழிகாட்டி, எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவதால் அவரை விசில்காரர் என்பார்கள், அப்புறம் உன் அம்மாவின் சிநேகிதி பல் டாக்டரம்மா. மரங்களுக்குள் நடந்த வரைக்கும் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனேன். மரம் முடிந்து வெறும் கல்லாக ஆனதும் பேச்சு நின்றுவிட்டது, மூச்சு வாங்கியது ஒரு பக்கம், உன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே வந்தது ஒரு பக்கம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், அவள் இப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை அம்மாடி. வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவள், அங்கே எந்தக் கல் ஆடும் எந்தக் கல் ஆடாது என்று அதனிடமே கேட்டுக்கொண்டவள் போலக் காலை வைக்கிறாள். வலி இல்லாமல் இல்லை, வலது காலை ஊன்றும்போதெல்லாம் உதட்டைக் கடிக்கிறாள், ஆனால் நிற்கவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மேகம் எங்களுக்குக் கீழே போனது. நம் தலைக்கு மேலேயே இருக்க வேண்டியது என்று நான் நினைத்திருந்த சாமான் என் பூட்ஸுக்குக் கீழே ஊர்ந்து போகிறது, அண்ணாந்து பார்த்தே பழகியவன் குனிந்து பார்த்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஈ புகுந்துடும் சார், நடங்க என்றார் விசில்காரர்.

அந்தக் குறுகல் வந்தது. நடிக்க எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. இரண்டு அடி வைத்து வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன், எந்தப் பக்கமும் தரையைக் காணோம், கால் வெலவெலத்து அப்படியே குந்திவிட்டேன், பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என்னால முடியாது, செத்தாலும் முடியாது என்று கத்தினேன். முன்னால் போன உன் அம்மா திரும்பினாள். அவளுக்கும் உச்சிக்கும் நடுவில் நம் தெரு நீளம்கூட இல்லை, உச்சிக் கல் பளிச்சென்று தெரிகிறது, நல்ல வெயில், காற்று கப்சிப் என்று அடங்கிக் கிடக்கிறது. நான் அவர்கூட இருக்கேன், நீ போய்த் தொட்டுட்டு வா என்றாள் பல் டாக்டரம்மா. உன் அம்மா காதில் வாங்கவில்லை. அந்தக் காலோடு ஒவ்வொரு அடியாகத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், என் கையைத் தேய்த்துவிட்டாள், தண்ணீர் கொடுத்தாள், சரிங்க, இறங்கிடலாம், நீங்க இவ்வளவு தூரம் வந்ததே பெருசு என்றாள். முகம் வாடவில்லை, குரலில் ஒரு சலிப்பு இல்லை. கைத்தடியைச் சுருக்கிப் பைக்குள் செருகினாள், உச்சிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

நீ கேட்டது நடந்துவிட்டது, எழுந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி. நான் எழவில்லை. எத்தனையோ வருஷ ஆசையை ஒரே நிமிஷத்தில் மடித்து உள்ளே வைத்துவிட்டாளே என்று நினைத்தபோது பாதாளத்தைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தடிய வெளிய எடு, நான் வர்றேன், ஆனா நின்னுக்கிட்டு வரமாட்டேன் என்றேன். தவழ்ந்தேன் அம்மாடி, உன் குட்டியைப் போலவே, கண்ணை இறுக மூடிக்கொண்டு. பின்னாலேயே அவள், இப்ப வலது கை, அந்தக் கல்லு வேணாம், இங்க முட்டிய வைங்க என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாற்பதையும் முடிப்பவர்தான் கடைசி உச்சியில் முதலில் கை வைக்க வேண்டும், அவர் தொட்டுவிட்டுக் கூப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் ஏறலாம். அவளுக்கு என் காலைக் கவனிக்கிற கவலை, எனக்கு உயிர்க் கவலை, ஒருவருக்கும் அது நினைவில்லை. கைக்கு ஒரு கல் அகப்பட்டது, கட்டிக்கொண்டேன், அதற்கு மேல் துழாவினால் ஒன்றும் அகப்படவில்லை. பின்னால் விசில் பறக்கிறது, ஐயோ அதுதான் சார் உச்சி, கைய எடுங்க என்று அலறுகிறார் விசில்காரர். எடுத்தால் விழுந்துவிடுவேனே, எப்படி எடுப்பேன். உன் அம்மா சிரித்த சிரிப்பை எதிர்மலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அவர் கை என்ன, என் கை என்ன என்று சொல்லிக்கொண்டே வந்து என் கை மேல் தன் கையை வைத்தாள். தலையில் அடித்துக்கொண்ட விசில்காரர்தான் முதலில் கைதட்டினார்.

கண்ணைத் திறங்க என்றாள். திறந்தேன். மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை, நீலம் வெளுத்துக்கொண்டே போய் எது மலை எது வானம் என்றே தெரியவில்லை. கடைச் சுவரில் தொங்கும் கண் டெஸ்ட் எழுத்து அட்டைக்கு அப்பால் பார்க்காதவனுக்கு இவ்வளவையும் பார்க்க இரண்டு கண் போதவில்லை. அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள், அது உங்களுக்கு டயர் பஞ்சரான மலை, அது நீங்க வெயில்ல மயங்கி விழுந்த மலை, அதோ அது நீங்க எனக்கு ஆரஞ்சு உரிச்சு வெச்சிருந்த மலை. எல்லா மலையையும் என்னை வைத்தே சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, நன்றாக அழுதேன், வெட்கமாகவே இல்லை.

இறங்கும்போதுதான் அவள் கால் வீங்கியது. ஆபரேஷனுக்கு அவளே போய் அடுத்த மாதத்துக்குத் தேதி வாங்கிவிட்டாள், முடிந்தால் வா, வந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, அவளை ஒரு வார்த்தை சொல்லாதே. உனக்குக் கண்ணாடி மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது, அங்கேயே கண்ணைக் காட்டிச் சீட்டை அனுப்பு, நான் செய்து அனுப்புகிறேன். இன்னும் ஒன்று. காரில் திரும்பும்போது மனசு கேட்காமல் என் திட்டத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். நீங்களா மலைக்கு வர்றேன்னு சொன்னப்பவே தெரியும், உங்க பொண்ணு வேலைன்னும் தெரியும் என்றாள். தெரிந்துமா திரும்பி வந்து உட்கார்ந்தாய் என்று கேட்டேன். நடிச்சிருந்தா விட்டுட்டுப் போயிருப்பேன், நிஜமாவே நடுங்கினீங்களே என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிப்போனாள்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பக்கத்தில் ஒருவராக நீண்ட காலம் வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா