கருமத்தம்பட்டி பஸ் நிறுத்தத்தில் என் முழங்கால்

அனுப்புநர்:
வே. பங்காரம்மா,
க/பெ. வேங்கடசாமி (காலஞ்சென்றவர்),
மேற்குத் தோட்டம், கருமத்தம்பட்டி,
கோவை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: மூட்டு ஆபரேஷன் விளம்பரப் பலகையில் உள்ள என் படத்தை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. நான் ஐந்தாவது வரை படித்தவள். பேத்தியிடம் சொல்லி எழுதி வாங்கக் கூசுகிற விஷயம் என்பதால் நானே எழுதுகிறேன். பிழை பொறுக்கவும்.

2. சென்ற தை மாதம் கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், சின்னக் கீறல் போட்டு மூட்டு மாற்றும் புது முறையில் என் வலது முழங்காலுக்கு ஆபரேஷன் நடந்தது. பொய் சொல்ல மாட்டேன். வலி போய்விட்டது. தழும்பும் சிறியதுதான். தடி இல்லாமல் சந்தைக்குப் போய் வருகிறேன். ஆனால் கால் முழுதாக மடங்கவில்லை. தரையில் உட்கார முடியாது.

3. முன்கூட்டியே இதைத்தான் டாக்டரிடம் கேட்டேன். அவர் எங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில், பெரியம்மா என்று என்னை அழைத்து, எல்லாம் போகப்போக வரும் என்றார். நம் பாஷைக்காரர் ஆயிற்றே என்று மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். தையல் பிரித்த அன்று, டாக்டர்கள் படிப்புக்கு என்று சொல்லி, சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றச் செய்து போட்டோ எடுத்தார்கள்.

4. அந்தப் போட்டோ இப்போது எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் பெரிய பலகையாக நிற்கிறது. முகமும் தெரிகிறது, காலும் தெரிகிறது. கீழே, சம்மணமிட்டு உட்காரலாம் என்று எழுதியிருக்கிறது. மில்லுக்குப் போகிற ஆண்கள் அதன் அடியில்தான் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். என் மகன் அந்த வழியே போவதை விட்டுவிட்டான்.

5. போன மாதக் கடைசியில் என் அக்கா ராமக்கா இறந்துவிட்டாள். எழவு வீட்டில் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவது எங்கள் பக்கத்து வழக்கம். கூடப்பிறந்தவளுக்காக நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். யார் தோளும் எனக்கு எட்டவில்லை. அப்போது பக்கத்துத் தோட்டத்து அன்புக்கரசி எல்லோர் காதிலும் விழும்படி, "ஏனுங்கம்மா, போர்டுல சம்மணம் போட்டு உக்காருவீங்களாம், பொறந்தவ பொணத்துக்கு முன்னால மட்டும் சேர் கேக்குதுங்களா?" என்றாள். யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அது இந்த மனுவுக்குத் தேவையில்லை.

6. ஆஸ்பத்திரிக்கு நேரில் போனேன். நான் போட்ட கையெழுத்தில் போட்டோவுக்கும் சம்மதம் சேர்ந்திருக்கிறது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். டாக்டர் உள்ளே இருந்தும் வெளியே வரவில்லை.

ஆகவே, அந்தப் பலகையை அகற்றவும், இனி வருகிறவர்களிடம் எது வரும் எது வராது என்று ஆபரேஷனுக்கு முன்பே விளக்கமாகச் சொல்லும்படி ஆஸ்பத்திரிக்கு அறிவுறுத்தவும் வேண்டுகிறேன். வருகிற ஞாயிறு அக்காவுக்குக் கருமாதி. ஈரோட்டுச் சம்பந்திகள் எல்லாம் அந்த நிறுத்தத்தில்தான் இறங்குவார்கள். பலகையை எடுக்க நாளாகும் என்றால், அதற்குள் என் முழங்கால் தெரிகிற இடத்தில் ஒரு துணியையாவது கட்டிவிட உத்தரவிடும்படி தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கருமத்தம்பட்டி
நாள்: 6.9.1999

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) வே. பங்காரம்மா