இருபதுக்கு இருபது

ஒஹாயோ
9 ஏப்ரல் 1991

மரியாதைக்குரிய லவீனா அம்மையாருக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். பதினொரு வருடமாக, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த சோடாக்களைத் தேடிப் பிடித்துக் குடித்து, இருபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, இரண்டு பக்கத் தாளாக அச்சடித்து மாதாமாதம் முந்நூறு பேருக்கு அனுப்புகிறேன். என் மனைவி இருந்தவரை இதைப் பைத்தியம் என்றாள். பாதி சரிதான்.

போன வாரம் பென்சில்வேனியா வந்தபோது உங்கள் வாசல் மேசையிலிருந்து பிர்ச் மரப்பட்டை சோடா வாங்கினேன். பதினான்கு. கோபப்பட வேண்டாம், என்னிடம் பதினேழுக்கு மேல் யாரும் வாங்கியதில்லை. பட்டையின் மணம் அருமை. நுரையும் மூக்கைத் தொடுகிறது. ஆனால் நீங்கள் சேர்க்கும் ஆப்பிள் தோலின் புளிப்பு வந்தேன் போனேன் என்று ஓடிவிடுகிறது. ஒரு வாரம்தான் ஊறவிடுவதாக உங்கள் கணவர் சொன்னார். மூன்று வாரம் விட்டுப் பாருங்களேன்.

அன்புடன்,
ஹார்லன் டீக்

*

பென்சில்வேனியா
20 மே 1991

அன்புள்ள சகோதரர் ஹார்லனுக்கு,

எங்கள் சபையில் எல்லோரையும் இப்படித்தான் அழைப்போம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தைக் கேட்டு என் வீட்டுக்காரர் மென்னோ பால் கறப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "பாட்டிலுக்கு மார்க்கு போட ஒரு ஆளா? நம்ம மாட்டுக்கும் போடுவாரான்னு கேட்டு எழுது" என்றார். நான் சிரிக்கவில்லை. எங்கள் சபை வழக்கப்படி எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு எனக்கு யாருமே மதிப்பெண் போட்டதில்லை. எங்களில் பெருமை கொள்வது பாவம். ஆனாலும் அந்தப் பதினான்கு இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்று வாரம் ஊறவிட்டேன். கண்ணாடி ஜாடிகளில் எல்லாம் பீட்ரூட் சாற்றில் முட்டை ஊறுகிறது. அதனால் மார்ச் மாதம் தீயணைப்புக் குழு நடத்திய ஏலத்தில் எடுத்த பழைய செம்மண் பானையில் ஊற்றினேன். உள்பக்கம் மஞ்சளாக, கண்ணாடி போல மெருகு பூசியது. பார்க்கவே அழகு. ஆறு பாட்டில் அனுப்புகிறேன். நிஜத்தைச் சொல்லுங்கள்.

சகோதரி,
லவீனா

*

ஒஹாயோ
11 ஜூன் 1991

அன்புச் சகோதரிக்கு,

இருபது. கை தவறி எழுதவில்லை. பதினொரு வருடத்தில் முதல் இருபது. தாளையும் இதோடு வைத்திருக்கிறேன்.

புளிப்பு இப்போது நின்று பேசுகிறது. அது போன பிறகு, நாக்கின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு இனிப்பு வருகிறதே, அது என்ன? சர்க்கரையின் இனிப்பு அல்ல, அது எனக்குத் தெரியும். தேனும் இல்லை, பழமும் இல்லை. நான்கு பாட்டில் காலி செய்தும் பிடிபடவில்லை. அந்தப் பானையின் வேலையாகத்தான் இருக்கும். உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், பானையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

மாதம் இரண்டு பெட்டி எனக்கு எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
ஹார்லன்

*

பென்சில்வேனியா
28 ஜூலை 1991

அன்புள்ள சகோதரர் ஹார்லனுக்கு,

உங்கள் தாளைப் படித்துவிட்டு எங்கெங்கிருந்தோ கார்கள் வருகின்றன. பானை ஓய்வதே இல்லை. சனிக்கிழமை தோறும் எங்கள் வழக்கப்படி வினிகரும் மணலும் போட்டு, பளிச்சென்று ஆகும்வரை தேய்த்துவிடுகிறேன். தேய்த்துத் தேய்த்து உள்ளே அந்த மெருகு மங்கிப்போய், அடிப்பக்கம் சொரசொரப்பாகிவிட்டது. மென்னோ புதிதாக ஒரு எஃகு பால் கேன் கொண்டுவந்து வைத்திருக்கிறார். "இதுல செய். கொள்ளளவும் ஜாஸ்தி, தூக்கவும் சுலபம்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

என் மகள் எட்னாவுக்கு இரண்டரை வயது. எங்கள் சோடாவுக்கு உங்களை விடப் பெரிய ரசிகை அவள்தான். காலையும் மாலையும் ரொட்டியைத் தொட்டுக்கொள்ளக் கேட்கிறாள். கொஞ்ச நாளாக வயிற்று வலி என்று சுருண்டு படுக்கிறாள். கடைவாய்ப் பல் முளைக்கிறதோ என்னவோ.

சகோதரி,
லவீனா

*

ஒஹாயோ
15 ஆகஸ்ட் 1991

அன்புத் தங்கச்சிக்கு,

எஃகு கேனா? வேண்டவே வேண்டாம்! மென்னோவிடம் சொல்லுங்கள், அதில் பாலை ஊற்றிக்கொள்ளட்டும். பானையை மாற்றினால் நான் போட்ட இருபதைத் திரும்ப எடுத்துக்கொள்வேன், ஆமாம்!

இப்போதெல்லாம் தினம் இரண்டு பாட்டில் உங்கள் சோடாதான். மற்றவர்கள் அனுப்புவது எல்லாம் வாயில் சில்லறைக் காசைப் போட்டுக்கொண்டது போல இருக்கிறது. ஆறு, ஏழு என்றுதான் போட முடிகிறது. "உங்க நாக்கு செத்துப்போச்சா பெரியவரே?" என்று ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். பொறாமை. முந்தாநாள் நிறைந்த பாட்டில் ஒன்று கையிலிருந்து நழுவி உடைந்துவிட்டது. மணிக்கட்டில் பிடிமானமே இல்லை. வயசாகிறது, வேறென்ன.

எட்னாவுக்கு என் முத்தங்கள். நல்ல நாக்கு அவளுக்கு.

அன்பு அண்ணன்,
ஹார்லன்

*

பென்சில்வேனியா
13 அக்டோபர் 1991

அன்புள்ள ஹார்லன் அண்ணாவுக்கு,

பானையையே வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை ஊறியது முன்னை விட இனிப்பு. சர்க்கரையை நான் கூட்டவே இல்லை.

மனசு சரியில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. எட்னா பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டாள். கோடையில் கன்றுக்குட்டியைக் கண்டால் "குட்டா, குட்டா" என்று தொழுவத்தையே இரண்டாக்குவாள். இப்போது விரலை மட்டும் நீட்டுகிறாள். சாப்பிடுவதில்லை, வெளிறிப்போயிருக்கிறாள். சோடா கொடுத்தால் மட்டும் குடிக்கிறாள், அதுவாவது உள்ளே போகட்டும் என்று கொடுக்கிறேன். மருத்துவச்சி பார்த்துவிட்டு, "காதுல அழுக்கு அடைச்சிருக்கும், பயப்படாதே" என்றார். எனக்கும் தலைவலி விடவில்லை, பாதி நாள் அடுப்பே மூட்டுவதில்லை. மென்னோவுக்கு ஒன்றும் இல்லை, கல்லு மாதிரி இருக்கிறார். காபியைத் தவிர வேறெதையும் தொடாத மனிதர். "வீட்டுல ரெண்டு பொம்பளைங்களும் என்னைப் பட்டினி போடத் திட்டம் போட்டிருக்கீங்க" என்று கேலி செய்கிறார். அவர் கண்ணிலும் சிரிப்பு இல்லை.

ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
லவீனா

*

ஒஹாயோ
18 நவம்பர் 1991

லவீனா,

இதை நின்றுகொண்டு படியுங்கள், படித்ததும் கிளம்புங்கள். சபை வழக்கப்படி உங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. உங்கள் ஊர்த் தீவனக் கடையின் எண்ணைப் பிடித்து இப்போதுதான் சொல்லி முடித்தேன். கடைக்காரர் வராமல் போனால் என்ன செய்வது என்று இந்தக் கடிதம்.

சோடாவை நிறுத்துங்கள். எட்னாவுக்கு ஒரு சொட்டு கூடக் கொடுக்காதீர்கள். அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய், இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள்.

என் கை விழுந்துவிட்டது என்று டாக்டரிடம் போனேன். இரத்தத்தில் ஈயம் என்றார். "பழைய பெயின்ட் ஏதாவது சுரண்டினீங்களா?" இல்லை என்றேன். "தினமும் என்ன சாப்பிடுறீங்க, என்ன குடிக்கிறீங்க?" பெருமையாகச் சொன்னேன், லவீனா. புளிப்பு, மூன்று வாரம், செம்மண் பானை, யாராலும் கண்டுபிடிக்க முடியாத இனிப்பு என்று வாய் ஓயாமல் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மீதி இருந்த பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பினார். இன்று முடிவு வந்தது. அந்த மஞ்சள் மெருகு ஈயம். புளிப்பு அதைக் கரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் தேடிய இனிப்பு அதுதான்.

மூன்று வாரம் வையுங்கள் என்றவன் நான். பானையை மாற்றாதீர்கள் என்றவனும் நான். எட்னாவின் வயிற்று வலியை நீங்கள் எழுதிய கடிதத்துக்கு, நல்ல நாக்கு என்று பதில் எழுதினேன். முந்நூறு பேருக்கும் இன்றே எழுதுகிறேன், உங்கள் பெயரை அல்ல, என் பெயரைச் சொல்லி. என்னை மன்னிக்க முடியுமா?

ஹார்லன்

*

பென்சில்வேனியா
8 டிசம்பர் 1991

திரு. டீக் அவர்களுக்கு,

தீவனக் கடைக்காரர் அன்று மாலையே வந்து சொன்னார். அவர் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். உங்கள் கடிதம் நான்கு நாள் கழித்துத்தான் வந்தது.

எட்னா இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இரத்தத்தில் ஈயம் பத்தைத் தாண்டக் கூடாதாம்; எழுபத்தொன்று இருந்தது, முப்பத்தெட்டுக்கு வந்திருக்கிறது. இங்கேயும் எண்களில்தான் பேசுகிறார்கள். "போன பேச்செல்லாம் திரும்பி வருமா?" என்று டாக்டரைக் கேட்டேன். "ஈயத்தை இறக்கிடலாம்மா. மத்தது எங்க கையில இல்ல" என்றார். நேற்று சன்னலுக்கு வெளியே ஒரு பூனையைக் காட்டினேன். பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மென்னோ பானையை உடைத்துப் புதைத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஏலத்தில் கை தூக்கியது நான், தேய்த்தது நான். அவர் கொண்டுவந்த கேனை, உங்கள் கடிதத்தைக் காட்டி வேண்டாம் என்றதும் நான்தான்.

மன்னிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் ஆட்கள் மன்னித்தாக வேண்டும், அதில் எங்களுக்கு வேறு வழி கிடையாது. போன ஞாயிறு சபையில் எழுந்து நின்று, உங்கள் பெயரைச் சொல்லி, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். வாய் சொன்ன இடத்துக்கு மனசு போய்ச் சேர வேண்டும். நீங்கள் எழுதினால் அது சேராது. எழுத வேண்டாம்.

இருபது போட்ட தாளை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தேன். வெளியே ஒட்டினால் பெருமை என்று பேசுவார்கள் என்று பயம். தினமும் கதவைத் திறந்து பார்த்துக்கொள்வேன். கிழியாமல் பிரித்தெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று விளையாட்டாக எழுதியிருந்தீர்களே, எடுத்துக்கொள்ளுங்கள்.

லவீனா