காரணம் எழுதாத நீக்கல் கடிதம்

பாவா,

காலையில் கடையைத் திறந்து ஜெராக்ஸ் மெஷினைப் போட்ட நேரத்தில் தபால்காரர் வந்து ஓர் ஒப்புகை அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நம் ரத்ததானச் சங்கத்தின் செயற்குழு உறுப்பினர் ஒருவருக்குப் போன வாரம் நான் அனுப்பிய நோட்டீஸ் அவர் கைக்குப் போய்விட்டது. ரத்தம் கொடுக்கிறவர்களில் மூன்று பேரின் செல் நம்பரை அவர் ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அவரைச் செயற்குழுவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். இப்போது தலைவராக இருக்கும் மெடிக்கல் ஷாப் முரளி போனில் சலித்துக்கொண்டார். “இன்னாத்துக்குங்க நோட்டீஸு, பதினைஞ்சு நாளு? குரூப்லருந்து ரிமூவ் பண்ற மாதிரி ஒரு அமுக்கு அமுக்கினா முடிஞ்சுது.”

“முடியாதுங்க. விதி இருக்குது” என்றேன். அந்த விதி எப்படி வந்தது என்பது அவருக்கும் தெரியும். போனை வைத்துவிட்டார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் உங்களுக்குக் கொடுத்த கடிதத்துக்கு ஒப்புகை அட்டை கிடையாது, பாவா. நானே கையில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

கனகம்மாசத்திரத்துப் பக்கம் ரோட்டில் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு ரத்தம் தேடி அலைந்தபோதுதான் இந்தச் சங்கம் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது. கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தீர்கள். தெருத் தெருவாகப் போய் ஆட்களைச் சேர்த்தீர்கள். கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, உங்கள் மனைவியின் தம்பியான என்னைச் செயலாளராக்கினீர்கள். ஆரம்பத்தில் ரத்தம் கொடுப்பவர்களின் பெயர்ப்பட்டியல் செயற்குழுவில் எல்லோரிடமும் இருந்தது. அது எப்படியோ வெளியே போயிற்று. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் போன் செய்து கெஞ்சவும் மிரட்டவும் ஆரம்பித்தார்கள். தொல்லை தாங்காமல் ஒரு தறிக்காரர் மூன்று மாதம் ஆவதற்குள் மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, ஓடுகிற தறியின் முன்னாலேயே மயங்கி விழுந்தார். மறுநாளே நீங்கள் எல்லோரிடமும் இருந்த பட்டியலை வாங்கிக் கிழித்தீர்கள். எல்லாப் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள். “நம்பி நம்பரைக் குட்தாங்க. இனிமே என்னைத் தாண்டி ஒருத்தர் கைக்கும் போவாது” என்றீர்கள். அன்று அது சரியாகத்தான் பட்டது.

பிறகு அந்த வைகாசி மாதத்து மதியம். ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த சேகர் என்கிற பவர்லூம் தொழிலாளி என் கடை வாசலில் வந்து நின்றார். மனைவிக்குப் பிரசவம் ஆகி ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். போஸ்டரில் இருந்த உங்கள் நம்பருக்கு இருபது தடவை அடித்திருக்கிறார். சுவிட்ச் ஆஃப். நானும் அடித்தேன். நீங்களும் அக்காவும் நகரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். வீடு பூட்டு, பீரோ பூட்டு, நோட்டு அதற்குள். நானும் முரளியும் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் கூப்பிட்டோம். கடைசியில் அரக்கோணத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது நாலு மணி நேரம் போயிருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அவளுக்கு இருபத்திரண்டு வயது.

சாயங்காலம் நீங்கள் போன் செய்து, “போன்ல சார்ஜ் பூட்ச்சு மச்சான்” என்றீர்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் முரளியின் கடைக்குப் பின்னால், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே செயற்குழு கூடியது. உங்களைக் கூப்பிடவில்லை. வேறு ஏதோ சங்கத்தின் துணை விதிகளைப் பார்த்து நாம் அப்படியே எழுதிவைத்திருந்ததில், நீக்குவதைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. செயற்குழு தேவை என்று கருதினால் பெரும்பான்மை முடிவால் எவரையும் நீக்கலாம், அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். என் கடையில் நானே டைப் அடித்தேன். இரண்டு வரி. “தங்களைத் தலைவர் பொறுப்பிலிருந்தும் செயற்குழுவிலிருந்தும் நீக்குவதென முடிவு செய்யப்பட்டுள்ளது.” அடித்து முடித்து ஒரே மூச்சில் கையெழுத்தும் போட்டேன், பாவா. அந்தப் பெண்ணின் முகமே கண்ணில் நின்றது.

வீட்டுக்கு வந்தேன். அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தீர்கள். இரண்டு வரியைப் படிக்க அவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

“நீ டைப் அடிச்சியா?”

“ஆங், பாவா.”

“கையெழுத்தும் போட்டியா?”

“போட்டேன்.”

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தீர்கள். அங்கே ஒன்றும் இல்லை.

“ஏன்னு எழுதலியே.”

“ஏன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும்டா. ஊருக்கு? பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் கேக்கிறான், ஏன்யா உன்னைத் தூக்கினாங்கன்னு. இந்தத் தாளைக் காட்டினா அவனே ஒண்ணு எழுதிக்குவான்.”

அக்கா நான் பாதி குடித்திருந்த டம்ளரை என் முன்னாலிருந்து எடுத்தாள். “நீ கெளம்பு” என்றாள். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதத்துக்கு அவள் என்னிடம் பேசிய பேச்சு அந்த இரண்டு சொல்தான்.

நீங்கள் சொன்னபடியே ஆயிற்று. வாரம் முடிவதற்குள் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர், நான் யார் என்று தெரியாமல் என்னிடமே கேட்டார். “ரத்தத்தை வித்துட்டாராமே அந்த லைன்மேன், நெஜமாங்க?” இல்லை என்று கத்தினேன். அவர் நம்பவில்லை. “பின்ன எதுக்குத் தூக்கினாங்களாம்?” என்றார். அதற்கு என் கையால் அடித்த கடிதத்தில் பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து நீங்களே கடைக்கு வந்தீர்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையால் எழுதிய ஒரு தாளை நீட்டினீர்கள். பதவியைத் திருப்பிக் கேட்கவில்லை. மூன்றே கேட்டிருந்தீர்கள். உங்கள்மேல் என்ன குற்றம் என்று எழுத்தில் தர வேண்டும்; பொதுக்குழுவில் அதற்குப் பதில் சொல்ல இடம் தர வேண்டும்; ஓட்டு ரகசியமாக நடக்க வேண்டும்.

“தூக்க வேணாம்னு சொல்லல. எதுக்குன்னு சொல்லிட்டு, எம் மூஞ்சியைப் பாத்துட்டுத் தூக்குங்க.”

முரளிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. “அவரு பேச ஆரமிச்சா ஜனங்க அழுதுடுவாங்கங்க. ஓட்டு அவர் பக்கம் சாஞ்சுடும். அந்தப் பொண்ணுக்கு அப்புறம் யாரு பதில் சொல்றது?” என்றார். அவர் பயம் பொய்யான பயம் இல்லை. எனக்கும் அதே பயம் இருந்தது. ஆனாலும் பொதுக்குழு கூட்டாவிட்டால் நான் விலகுகிறேன், பதிவேடுகளை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். நான்கு நாள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஐந்தாம் நாள் சரி என்றார்.

தேதி குறிக்கும்போது கிருத்திகையைப் பார்க்காமல் விட்டுவிட்டோம். ஊர் முழுக்கக் கூட்டம். அரசுப் பள்ளி வகுப்பறையில், பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். முருகன் மலைக்குப் போய் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் காயாமல் நேரே வந்த உறுப்பினர்கள் இரண்டு பேர் முன்வரிசையில். முரளி நடுநாற்காலியில் உட்காரப் போனபோது நீங்கள் எழுந்தீர்கள். “குத்தம் சொல்றவரே நாற்காலியில உக்காந்தா எப்டிங்க?” வாக்குவாதம் முற்றியது. கடைசியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரை உட்கார வைத்தோம். அக்கா உறுப்பினர் இல்லை. வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் குற்றத்தைப் படித்தபோது அவள் பக்கம் பார்க்காமல் படித்தேன்.

முதலில், நடந்ததைச் சொல்ல நாங்கள் கூப்பிட்டிருந்த சேகர் பேசினார். “லேட்டானதாலதான் இப்டின்னு டாக்டர் சொல்லலைங்க. நானும் சொல்ல மாட்டேன். ஆனா நாலு மணி நேரம் அந்த வராண்டால நின்னுகினு போன் அடிச்சுகினே இருந்தேன். ஒரு நம்பர்தான் குட்தீங்க. அது எடுக்கலைன்னா நாங்க எங்க போறது?” அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் எழுந்து தறிக்காரர் மயங்கி விழுந்ததைச் சொன்னீர்கள். நோட்டைப் பூட்டிவைத்த காரணத்தைச் சொன்னீர்கள். பலர் தலையாட்டினார்கள். முரளி என்னைப் பார்த்தார். ஓட்டு உங்கள் பக்கம் சாய்வது எனக்கும் தெரிந்தது. நானே சாய்ந்துகொண்டிருந்தேன். நீங்கள் அதோடு நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பீர்கள்.

நிறுத்தவில்லை. சேகர் பக்கம் திரும்பினீர்கள்.

“போன்ல சார்ஜ் இல்லன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்ப்பா. அது பொய். சார்ஜ் இருந்துச்சு. வேலையில இருந்தப்பவும் கூப்ட்டுகினே இருப்பாங்க, ரிட்டையர் ஆயும் கூப்ட்டுகினே இருக்காங்க. ஒரு வேளை சோறு நிம்மதியா துன்லாம்னு பந்தியில உக்கார சொல்ல நாந்தான் ஆஃப் பண்ணேன். அப்புறம் போட மறந்துட்டேன். உன் கால் வந்ததே எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும்.”

வெளியே காவடிக்காரர்களின் அரோகரா மட்டும் கேட்டது. ஜன்னலில் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது.

சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டோம். தலைமையாசிரியை எண்ணினார். நீக்க வேண்டும் என்று இருபத்தொன்று, வேண்டாம் என்று பதினேழு. நீங்கள் எழுந்து எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டீர்கள். பிறகு, போகாமல், “துணை விதியை மாத்திடலாங்களா?” என்றீர்கள். அன்றைய நோட்டீசில் அதுவும் ஒரு பொருளாக இருந்தது. உங்களை நீக்கிய அதே கூட்டத்தில், நீக்குகிற விதியை வரி வரியாக நீங்கள் சொல்ல, நான் எழுதினேன். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பதினைந்து நாள் அவகாசம் வேண்டும். அவர் பேசிய பிறகுதான் ஓட்டு. குற்றம் சொன்னவர் தலைமை ஏற்கக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அந்தக் கடைசி விதி அன்றைக்கே இருந்திருந்தால் நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். அதைச் சொன்னபோது உங்களுக்கே சிரிப்பு வந்தது.

எழுதி முடித்துப் பேனாவை மூடினேன். “இன்னும் ஒண்ணு” என்றீர்கள். “சொந்தக்காரங்க ஓட்டுப் போடக் கூடாதுன்னு சேத்துக்கோங்க. ரெண்டு பக்கமும் அவங்களுக்குத்தான் கஷ்டம்.” என்னைப் பார்க்கவில்லை. தலைமையாசிரியையைப் பார்த்தே சொன்னீர்கள்.

மறுநாள் காலை நோட்டை எடுத்துவந்து என் மேசையில் வைத்தீர்கள். மூன்று பிரதி எடுத்து மூன்று பேரிடம் கொடுத்தோம். அதன்பிறகு ஒவ்வொரு முகாமிலும் சாதாரண உறுப்பினராக வந்து, ரத்தம் கொடுத்துவிட்டு எழுகிறவர்களுக்கு பிஸ்கட்டும் ஜூசும் கொடுத்துக்கொண்டு நின்றீர்கள். யார் போன் மணி அடித்தாலும் சட்டைப்பையைத் தொடப் போய், கையை எடுத்துக்கொள்வீர்கள். கொஞ்சம் சதை பிடித்தீர்கள்கூட.

அடுத்த வருஷம் பொங்கலுக்கு அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். இலையில் சோற்றைப் போட்டுவிட்டு, கரண்டியைப் பிடித்தபடியே கேட்டாள். “மொத வாட்டி கையெழுத்துப் போட்டது தெரியும். சீட்டுல இன்னாடா எழுதின?”

எதிரில் உட்கார்ந்திருந்த நீங்கள் தலையை நிமிர்த்தாமலே சொன்னீர்கள். “அவனைக் கேக்காதே. ரகசிய ஓட்டுன்னு நாந்தான கேட்டேன். சொல்லக் கூடாது அவன்.” அக்கா அதோடு விட்டாள். ரசம் ஊற்றினாள். அன்றிலிருந்து பழையபடி பேச ஆரம்பித்தாள்.

நீங்களும் அதற்குப் பிறகு ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. போன மாசி மாதம் காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள் என்று அக்கா போன் செய்து, நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. இப்போது சொல்கிறேன், பாவா. இரண்டாவது தடவையும் நீக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். நீங்கள் பேசியதைக் கேட்ட பிறகே எழுதினேன். ஒரு வேளைச் சோற்றுக்காகப் போனை அணைக்கிற அளவுக்கு நீங்கள் களைத்துப் போயிருந்தது, கூட்டத்துக்குக் கூட்டம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாமலே போயிருந்தது. அந்தச் சுமையை உங்களிடமே திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. முதல் தடவை கோபத்தில் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது தடவை அந்தச் சீட்டை மடிக்கவே என்னால் முடியவில்லை.

அக்கா இன்றுவரை மறுபடி கேட்கவில்லை. நேற்று மாலை போனபோது என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டால், குறுக்கே வந்து தடுக்க இனி நீங்கள் இல்லை. சொல்லிவிடுவேன்.