உப்புப் பார்த்த விரல்

அன்புள்ள அக்கா,

இது அப்பாவின் கடிதம், எழுதும் கை மட்டும் என்னுடையது. அவர் எழுதாதே என்பதையும் சேர்த்து உள்ளதை உள்ளபடி எழுதப்போகிறேன். நாங்கள் நலம் என்று தொடங்கச் சொன்னார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலது கையில் ஊசியோடு படுத்திருப்பவர் அப்படிச் சொன்னால் எப்படி எழுதுவது? நீ அங்கே நலமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் அவர் வாயால் வந்தபடியே. நான்கு நாளாக வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், வாந்தி. ஸ்கேனில் பித்தப்பை வீங்கியிருக்கிறது, கல் இல்லை. கல் இல்லை என்றதுமே அப்பாவுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. அவர் மாஸ்டராக இருக்கும் கேன்டீனில் அவருக்கு அடுத்தபடியாக இருக்கும் சமையல்காரம்மா, அவர் இடத்துக்கு ஆசைப்பட்டு டீயில் எதையோ கலந்துவிட்டாராம். அந்த அம்மா கொண்டுவந்த கஞ்சியை என்னிடம் நீட்டி, மோந்து பாரு என்றார். கஞ்சி வாசனைதான் வந்தது.

எனக்கோ அப்பாமேல்தான் சந்தேகம். ஆற்று மீனைப் பச்சையாகச் சாப்பிடுவதுண்டா என்று டாக்டர் மூன்று தடவை கேட்டார். நான் என்ன பூனையா சார் என்றார் மூன்று தடவையும். சமையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்துவிட்டேன். வராந்தாவில் மடக்கிக் கேட்டேன். "மாஸ்டர் பொய் சொல்லல பாப்பா. சாப்பிடமாட்டாரு. உருண்டைக்கு அரைச்ச பச்சை மீனுல உப்புதான் பார்ப்பாரு, தினம் ரெண்டு வாட்டி" என்றார். ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். மலப் பரிசோதனையில் முட்டைகள் தெரிந்தன. ஈரல் தட்டைப்புழுவாம், சின்ன இலை மாதிரி இருக்குமாம், வேகாத மீனோடு உள்ளே போய்ப் பித்தக்குழாயில் குடியேறி வருஷக்கணக்கில் இருந்துவிடுமாம். புழுவுக்கு மாத்திரை உண்டு, பித்தப்பையை எடுக்க வேண்டுமா என்று நாளைக்குச் சொல்வார்கள்.  உப்புப் பாக்கறது சாப்பிடறதாடி என்று அப்பா மெதுவாகக் கேட்டார். கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டு, உப்பு கம்மி என்று அந்த அம்மாவிடமே சொன்னார்.

எழுதாதே என்றது இதைத்தான். லீவில் கேன்டீனுக்குப் போகும்போதெல்லாம் அவர் அந்த மீனை விரலில் தொட்டு உன் நாக்கிலும் என் நாக்கிலும் வைப்பார், நினைவிருக்கிறதா? வலது பக்கம் விலாவில் பிடிக்கிறது, நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பதால்தான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்த வரியை இன்று ஐந்து தடவை என்னைப் படிக்கச் சொன்னார்.

நாளைக்கு நான் பரிசோதனைக்குக் கொடுக்கிறேன். நீயும் வெட்கப்படாமல் கொடு, டாக்டர் கேட்டால் சாப்பிட்டதில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. நோய்நொடி அண்டாமல் நீ நீடூழி வாழ வேண்டும் என்கிறார் அப்பா. கையெழுத்தைத் தானே போடுவேன் என்று இடது கையால் பேனாவை வாங்கியிருக்கிறார். கோணலாக இருந்தால் பயப்படாதே, பார்வையாளர் நேரம் முடிந்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உன் அப்பா